ஒரு கண்ணில் மட்டும் ஓயாமல் நீர் வடிந்தால்: என் கண்ணீர்ப்பை அடைப்பு அனுபவம்

திண்டுக்கல்லில் வீட்டு முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட், சுடிதார், அப்புறம் கொஞ்சம் ஆரி வேலை. இடது கண்ணில் நீர் வடிகிற தொல்லையோடு இரண்டு வருஷத்துக்கு மேல் அல்லாடி, மதுரையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு இப்போது நன்றாக இருக்கிறேன். ஐந்து நிமிஷம்கூட ஆகாத ஒரு பரிசோதனையை யாராவது முதலிலேயே செய்திருந்தால், இடையில் போன பணத்திலும் காலத்திலும் பாதிக்கு மேல் மிஞ்சியிருக்கும். அப்படி ஒரு பரிசோதனை இருக்கிறது என்றுகூட எனக்கு யாரும் சொல்லவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உங்களுக்கோ வீட்டில் யாருக்காவதோ இதே தொல்லை இருந்தால் உதவும்.

ஆரம்பித்தது ஒரு பங்குனி மாதம். ஊரெல்லாம் மெட்ராஸ் ஐ பரவிக்கொண்டிருந்ததால் எனக்கும் அதுதான் என்று மெடிக்கல் கடையில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். ஆனால் கண் சிவக்கவில்லை, உறுத்தவில்லை, வலிக்கவில்லை. நீர் மட்டும் நிற்காமல் வந்தது. அதுவும் இடது கண்ணில் மட்டும். வண்டியில் காற்று பட்டால் தாரை தாரையாக வழியும். காலையில் எழுந்தால் மூக்கை ஒட்டிய ஓரத்தில் மஞ்சளாகப் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும். இதையெல்லாம் விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. ஒரு கண் மட்டும், வலியில்லாத நீர், ஓரத்தில் பிசின். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் கண்ணீர் வடிகிற பாதையைச் சந்தேகப்பட வேண்டும் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

தையல்காரிக்குக் கண்ணில் நீர் நின்றால் என்ன ஆகும் என்று தைப்பவர்களுக்குப் புரியும். மெஷினில் குனிந்தால் சொட்டும். பருத்தியில் விழுந்தால் காய்ந்துவிடும். பட்டில் விழுந்தால் அந்த இடத்தில் வட்டமாக ஓரம் கட்டி நிற்கும், இஸ்திரி போட்டாலும் போகாது. ஒரு முகூர்த்த ஜாக்கெட், மயில்கழுத்து நிறம், கைப்பகுதியில் அப்படி ஒரு வட்டம் விழுந்துவிட்டது. துணிக்கான காசைக் கொடுத்துவிடலாம். ஆனால் பெண்ணின் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "கல்யாணத் துணியில கண்ணீர் பட்டிருக்கே" என்று முகம் மாறினார். நான் அழவில்லை, கண்ணில் கோளாறு என்று சொல்லியும் அவருக்கு மனசு ஆறவில்லை. கணவர் தவறி சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம், "இன்னும் அழுதுக்கிட்டே இருந்தா எப்படிக்கா?" என்று ஆறுதல் சொல்ல ஆரம்பித்தார்கள். அழாத நேரத்தில் ஆறுதல் கேட்பது எவ்வளவு சோர்வைத் தரும் என்று எனக்குத்தான் தெரியும். சிலர் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து குழந்தைகளைக் கடைக்குள் விடவில்லை. மெல்ல மெல்ல ஆரி வேலையை நானே நிறுத்திவிட்டேன்.

இடையில் கண்ணாடிக் கடையில், "பவர் மாறியிருக்கும், அதான் தண்ணி வருது" என்றார்கள். 5,500 ரூபாய்க்குப் புதுக் கண்ணாடி. எழுத்து நன்றாகத் தெரிந்தது, நீர் நிற்கவில்லை. பிறகு ஒரு கிளினிக்கில் அலர்ஜி என்று சொல்லி ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். போட்டதும் ஒரு வாரம் குறைந்த மாதிரி இருக்கும், அப்புறம் பழையபடி வரும். மெடிக்கல் கடையில் பழைய பாட்டிலைக் காட்டினாலே கொடுத்துவிடுவார்கள் என்பதால் மாதக்கணக்கில் அதையே போட்டேன். அதில் ஸ்டீராய்டு இருந்தது என்று மதுரை டாக்டர் பாட்டிலைப் பார்த்துச் சொன்னபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மேற்பார்வை இல்லாமல் நீண்ட நாள் போட்டால் கண்ணின் அழுத்தம் கூடி, பார்வை நரம்பைக் கெடுக்கிற கிளாக்கோமா வரலாம், புரையும் வரலாம். எனக்கு அழுத்தம் சரியாக இருந்தது, தப்பித்தேன். நீங்கள் போடுகிற சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு உண்டா, எத்தனை நாள் போடலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவரிடமே கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

இன்னொரு டாக்டர், கண் வறட்சி என்றார். நீர் கொட்டுகிற கண்ணை வறட்சி என்கிறாரே என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அது பொய்யான பேச்சு இல்லை. கண் வறண்டால் எரிச்சலில் அதிகமாக நீர் சுரக்கும். இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்தாலும், இமைமுடி உள்பக்கம் திரும்பி உரசினாலும், கீழ் இமை தளர்ந்து வெளியே தொங்கினாலும் நீர் வரும். முகவாதம் வந்தவர்களுக்கும் இமை சரியாக மூடாமல் நீர் வடியும். ஆகவே நீர் வடிகிற எல்லோருக்கும் அடைப்பு என்று நினைத்துவிடாதீர்கள். வறட்சி பெரும்பாலும் இரண்டு கண்ணையும் பிடிக்கும், மணல் விழுந்த மாதிரி உறுத்தும். எனக்கு அந்த உறுத்தல் இல்லை, ஓரத்தில் பிசின் இருந்தது. இதைச் சொன்னேன். எழுதிக்கொண்டார், ஆனால் சோதித்துப் பார்க்கவில்லை. மூக்கோரத்தை ஒரு விரலால் அழுத்திப் பார்த்திருந்தாலே போதும்.

ஆவணி முகூர்த்தம் நெருங்கி, கடை முழுக்கத் துணி குவிந்திருந்த நேரத்தில்தான் அது வெடித்தது. ராத்திரி மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவில் சுருக்கென்று வலித்தது. விடிந்தபோது அந்த இடம் புளியங்கொட்டை அளவுக்குச் சிவந்து வீங்கி, தொட்டால் உயிர் போனது. கன்னம், மேல்வரிசைப் பல் வரைக்கும் வலி, காய்ச்சல் வேறு. பக்கத்து வீட்டு அக்கா, "கட்டி மாதிரி இருக்கு, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சுப் பத்துப் போடு, பழுத்து உடைஞ்சிரும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் கண்ணோரத்தில் சுண்ணாம்பு வைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. நல்லதாயிற்று. சுண்ணாம்பு கண்ணுக்குள் போனால் கருவிழியே வெந்துபோகும். தாய்ப்பால் விடுவது, நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விடுவது என்று நம் ஊரில் நிறைய யோசனை சொல்வார்கள். அடைப்பு இருப்பதோ எலும்புக்குள், சொட்டு விட்டு அது திறக்காது. கிருமி சேர்வதுதான் மிச்சம்.

அன்றே பஸ் ஏறி மதுரையில் ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பரிசோதித்த டாக்டர் சின்ன வயசுப் பெண். பார்த்தவுடனேயே சொல்லிவிட்டார். "அம்மா, இது கண்ணீர்ப்பையில சீழ் பிடிச்சிருக்கு. இப்ப ஊசி வச்சு டெஸ்ட் எதுவும் பண்ணக் கூடாது. முதல்ல இது அடங்கணும்." ஆன்டிபயாட்டிக் மாத்திரை, வலி மாத்திரை, வெதுவெதுப்பான துணி ஒத்தடம். அழுத்திப் பிதுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். பார்வை மங்கினாலோ, கண் முன்னால் பிதுங்கினாலோ, கண்ணை அசைத்தால் வலித்தாலோ, வீக்கம் கண் முழுக்கப் பரவினாலோ ராத்திரி என்று பார்க்காமல் உடனே வரச் சொன்னார். கிருமி கண்குழிக்குள் பரவினால் பார்வைக்கே ஆபத்தாம். இந்த நான்கையும் வீட்டு காலண்டரில் எழுதி மாட்டிவைத்தேன், தனியாக இருக்கிறவளுக்கு நினைவூட்ட ஆள் இல்லையே.

வீக்கம் வடிந்த பிறகு திரும்பப் போனேன். டாக்டர் விரலால் மூக்கோரத்தை அழுத்தினார், இமை ஓரத்திலிருந்து கொழகொழவென்று சீழ் வெளியே வந்தது. இத்தனை நாள் அது உள்ளேயே கிடந்திருக்கிறது என்று பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. அதன் பிறகுதான் நான் முதலில் சொன்ன அந்தப் பரிசோதனை. சிரிஞ்சிங் என்கிறார்கள், டக்ட் டெஸ்ட் என்றும் சொல்வதுண்டு. மரத்துப்போகிற சொட்டு மருந்து விட்டு, கீழ் இமையின் உள் ஓரத்தில் இருக்கிற ஊசிமுனை அளவுத் துளையில் மழுங்கிய மெல்லிய ஊசியை நுழைத்து உப்பு நீரை மெதுவாகச் செலுத்துவார்கள். "தொண்டையில உப்புக் கரிக்குதாம்மா?" என்று கேட்பார்கள். கரித்தால் பாதை திறந்திருக்கிறது என்று அர்த்தம். எனக்குத் தொண்டையில் ஒன்றுமே தெரியவில்லை. கீழே செலுத்திய நீர் மேல் இமைத் துளை வழியாகச் சீழோடு திரும்பி வந்து கன்னத்தில் வழிந்தது. லேசான அழுத்தம் இருந்தது, வலி இல்லை. இதற்குத்தான் இரண்டு வருஷம்.

டாக்டர் படம் வரைந்து விளக்கினார். கண்ணீர் சுரப்பது கண்ணுக்கு மேல் வெளிப்பக்கம். இமை மூடித் திறக்கும்போது உள் ஓரத்துத் துளைகள் வழியாக இறங்கி, மூக்குப் பாலத்தை ஒட்டிய பையில் சேர்ந்து, அங்கிருந்து எலும்புக்குள் போகிற ஒரு குழாய் வழியாக மூக்குக்குள் வடியும். அழும்போது மூக்கு ஒழுகுவது இதனால்தான். அந்தக் குழாய் அடைத்தால், வாய்க்கால் அடைத்த மாதிரி, நீர் பையில் தேங்கிக் கிருமி வளரும். நாற்பது ஐம்பது வயசுக்கு மேல் பெண்களுக்குத்தான் இது அதிகம். எலும்புப் பாதை பெண்களுக்குச் சற்றுக் குறுகலாக இருப்பது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. மூக்கில் அடிபட்டவர்களுக்கும், மூக்கில் அறுவை செய்தவர்களுக்கும், சில புற்றுநோய் மருந்துகள் எடுத்தவர்களுக்கும் வரலாம். கண்ணீரில் ரத்தம் கலந்து வந்தாலோ, கண்ணின் உள் மூலைக்கு மேல்பக்கம் கெட்டியாகக் கட்டி தட்டுப்பட்டாலோ அது வேறு விஷயமாக இருக்கலாம், தள்ளிப்போடாமல் ஸ்கேன் பார்க்க வேண்டும்.

மருந்தில் சரியாகாதா என்று கேட்டேன். பெரியவர்களுக்கு முழுதாக அடைத்துவிட்டால் மருந்தில் திறக்காது என்றார். காத்திருந்த வரிசையில் நத்தத்துக்காரர் ஒருவரைச் சந்தித்தேன். அவருக்கு ஓரிடத்தில் வாராவாரம் இதே சிரிஞ்சிங் செய்து, போகப் போகத் திறந்துவிடும் என்று சொல்லி ஒவ்வொரு முறையும் காசு வாங்கியிருக்கிறார்கள். அடைப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் சிரிஞ்சிங். முழு அடைப்புக்கு அது வைத்தியம் இல்லை, அடிக்கடி குத்தினால் நல்லாயிருக்கிற மெல்லிய குழாயும் புண்ணாகலாம்.

தீர்வு டிசிஆர் என்கிற அறுவை. அடைத்த குழாயை விட்டுவிட்டு, பைக்கும் மூக்குக்கும் நடுவில் உள்ள எலும்பில் சின்ன வாசல் வைத்துப் புதுப்பாதை போடுகிறார்கள். புதுசாக ஏதோ சோதித்துப் பார்க்கிறார்களோ என்று பயந்தேன். 1904-லேயே இத்தாலியில் டோட்டி என்பவர் எழுதி வைத்த முறை இது என்று தெரிந்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. இரண்டு வழி உண்டு. ஒன்று, மூக்கோரத்தில் வெளியே வெட்டிச் செய்வது, சின்னத் தழும்பு இருக்கும். இன்னொன்று, மூக்குக்குள் எண்டோஸ்கோப் விட்டுச் செய்வது, வெளியே தழும்பு இருக்காது. இரண்டிலும் பத்தில் ஒன்பது பேருக்குச் சரியாகிவிடும் என்றார்கள். மூக்குத்தண்டு வளைந்திருக்கிறதா என்று உள்ளே பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வார்கள். நான் வெளியே செய்கிற முறையை எடுத்துக்கொண்டேன். செலவு குறைவு, மரத்துப்போகிற ஊசியிலேயே செய்யலாம் என்றார்கள். ரொம்ப வயசானவர்களுக்குப் பையையே எடுத்துவிடுவதும் உண்டு. சீழ் நின்றுவிடும், ஆனால் நீர் வடிவது தொடரும். இதை அறுவைக்கு முன்பே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பிறகு ஏமாற்றமாக இருக்கும்.

அட்மிஷன் கவுன்ட்டரில், "துணைக்கு யாரும்மா வந்திருக்காங்க?" என்று கேட்டபோது எனக்குப் பதில் இல்லை. மகன் ஓசூரில் ஷிஃப்ட் வேலையில் இருக்கிறான், அவனிடம் சொல்லவே இல்லை. கையெழுத்துப் போட ஒரு ஆள் வேண்டும், இல்லாவிட்டால் தேதி தர முடியாது என்றார்கள். அன்று பஸ் ஸ்டாண்டில் நின்றது நினைத்தாலே இப்போதும் தொண்டையை அடைக்கும். எனக்குக் காஜா எடுத்துக் கொடுக்கிற பெண் விஷயம் தெரிந்து, "நான் வர்றேன்க்கா, ஒரு நாள்தானே" என்று வந்து நின்றாள். தனியாக இருக்கிறவர்கள் தேதி வாங்குவதற்கு முன்பே ஆளைப் பேசி வைத்துவிடுங்கள். அறுவையன்று ராத்திரியாவது ஒரு ஆள் கூட இருக்கத்தான் வேண்டும். சர்க்கரை, பிரஷர் கட்டுக்குள் இருக்க வேண்டும். இதயத்துக்காக ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் முதல் தடவை போகும்போதே சொல்லிவிட வேண்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள், இதய டாக்டரைக் கேட்டுத்தான் நிறுத்துவார்கள்.

அறுவையைப் பற்றி உண்மையைச் சொல்கிறேன். மூக்குக்குள் மருந்தில் நனைத்த துணியை அடைத்தார்கள், கண்ணைச் சுற்றி ஊசி போட்டார்கள். ஊசிதான் வலித்தது. அதன் பிறகு வலி இல்லை. ஆனால் எலும்பைச் சிறிது சிறிதாக எடுக்கும்போது நறுக் நறுக் என்று தலைக்குள்ளேயே சத்தம் கேட்கும். யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் நான் மிரண்டுபோனேன். தெரிந்திருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். தொண்டையில் ரத்தம் இறங்குவது தெரியும், துப்பச் சொல்வார்கள். ஒரு மணி நேரத்தை ஒட்டி முடிந்தது.

அன்று ராத்திரிதான் கஷ்டம். மூக்கு அடைத்திருப்பதால் வாயால்தான் மூச்சு, உதடும் தொண்டையும் காய்ந்துவிடும். தலைமாட்டில் இரண்டு தலையணை வைத்து உயர்த்திப் படுத்தேன். மறுநாள் அடைப்பை எடுத்ததும் பாதி உயிர் வந்தது. சூடான காபி, டீ முதல் நாள் கூடாது, ரத்தம் வரும். மூக்கைச் சிந்தவே கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போகும், மூக்கிலிருந்து இளஞ்சிவப்பாக நீர் கசியும், சில நாளில் சரியாகும். நிற்காமல் ரத்தம் கொட்டினால் மட்டும் உடனே ஓட வேண்டும். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்பதால் மெஷினுக்கு இரண்டு வாரம் உறை போட்டுவிட்டேன். தையல் பிரித்தது ஒரு வாரத்தில்.

உள்ளே ஒரு சிலிகான் குழாய் வைத்திருந்தார்கள், புதுப்பாதை மூடிக்கொள்ளாமல் இருக்க. கண்ணின் உள் மூலையில் கண்ணாடி நரம்பு மாதிரி ஒரு சின்ன வளையம் தெரியும். எல்லோருக்கும் வைப்பதில்லை. வைத்தால் கண்ணைக் கசக்கவே கூடாது, துடைப்பதானால் வெளியிலிருந்து மூக்கைப் பார்த்து மெல்ல ஒற்ற வேண்டும். ஒரு காலையில் முகம் துடைக்கும்போது அந்த வளையம் நீளமாக வெளியே வந்துவிட்டது. இழுக்கவும் இல்லை, வெட்டவும் இல்லை. மூக்கோரத்தில் பிளாஸ்டர் போட்டு ஒட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன், சரிசெய்து அனுப்பினார்கள். சில வாரம் கழித்துக் குழாயை எடுத்தபோது ஒரு நொடி வேலைதான். உடனே உப்பு நீர் செலுத்திப் பார்த்தார்கள். தொண்டையில் உப்புக் கரித்தது. "கரிக்குது டாக்டர், கரிக்குது" என்று நான் கத்தியதில் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

இப்போது வறண்ட காற்றில் வண்டியில் போனால் லேசாக நீர் நிற்கும், அவ்வளவுதான். மூக்கைச் சிந்தினால் கண்ணோரத்தில் காற்று வருகிற மாதிரி இருக்கும், அது இயல்புதான் என்றார்கள். தழும்பு உற்றுப் பார்த்தால்தான் தெரியும். ஆரி வேலையைத் திரும்ப எடுத்துவிட்டேன்.

இதையெல்லாம் கேட்ட கஸ்டமர் ஒருவர் தன் பேத்திக்கும் பிறந்ததிலிருந்து கண்ணில் நீர் வடிகிறது, அறுவைதானா என்று பதறினார். குழந்தைகள் கதை வேறு. பிறக்கும்போது குழாயின் கீழ்முனையில் மெல்லிய சவ்வு மூடியிருக்கும், பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயசுக்குள் தானே திறந்துவிடும். கண்ணோரத்திலிருந்து மூக்கை ஒட்டிக் கீழ்நோக்கி அழுத்துகிற மசாஜை டாக்டரிடம் நேரில் கற்றுக்கொண்டு, நகம் வெட்டிக் கை கழுவிச் செய்ய வேண்டும். ஒரு வயசுக்கு மேலும் நிற்காவிட்டால்தான் மெல்லிய கம்பி விட்டுத் திறப்பார்கள். ஆனால் குழந்தைக்கு வெளிச்சம் பட்டால் கண் கூசினாலோ, கருவிழி பெரிதாகவோ மங்கலாகவோ தெரிந்தாலோ காத்திருக்கக் கூடாது, அது பிறவி கிளாக்கோமாவாக இருக்கலாம். பெரியவர்களுக்குப் புரை அறுவைக்கு முன்பு டக்ட் பார்ப்பதும் இதற்காகத்தான். பையில் சீழ் இருக்கும்போது கண்ணுக்குள் அறுவை செய்தால் கிருமி உள்ளே போய்ப் பார்வையே போகலாம். "கண்ணுல தண்ணி வருது, ஓரத்துல அழுக்கு சேருது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், புரை அறுவைக்குத் தேதி வாங்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள்.

செலவு விவரத்தையும் சொல்லிவிடுகிறேன். அறுவை, குழாய், ரத்தப் பரிசோதனை, மருந்து எல்லாம் சேர்ந்து 35,000 ரூபாயை ஒட்டி ஆனது. அதற்கு முன்பு கண்ணாடிக்கும் சொட்டு மருந்துக்கும் கிளினிக் ஃபீஸுக்கும் போனது 15,000-க்குக் குறையாது. திருப்பிக் கொடுத்த அட்வான்ஸும் கைவிட்டுப்போன முகூர்த்தத் தையலும் இதைவிட அதிகம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் கண் பிரிவிலும் இந்த அறுவை செய்கிறார்கள், அங்கேயும் விசாரியுங்கள். தனியார் இன்சூரன்ஸ் இருந்தால் ஒரே நாளில் வீடு திரும்பும் அறுவைகளின் பட்டியலில் கண்ணீர்க்குழாய் அறுவை இருக்கிறதா, காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டதா என்று பாலிசியில் பாருங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், அந்த ஆஸ்பத்திரியில் இந்த அறுவைக்கு அது செல்லுமா, சிலிகான் குழாய்க்குத் தனியாகக் கட்ட வேண்டுமா என்று அட்மிஷன் போடுவதற்கு முன்பே கவுன்ட்டரில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.